உமிழ்நீர்ச் சுரப்பிகளில் புரத உற்பத்தியும் நரம்புகளும்

உணவு உண்ணும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் நீரை மட்டும் சுரப்பதில்லை. மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதி, பற்களைக் காக்கும் புரதங்கள், கிருமிகளை எதிர்க்கும் புரதங்கள் எனப் பலவற்றை நீருடன் சேர்த்து வாய்க்குள் அனுப்புகின்றன. இவற்றை எப்போது வெளியேற்றுவது, எவ்வளவு வெளியேற்றுவது, தீர்ந்த இருப்பை எப்போது மீண்டும் தயாரிப்பது என்பவற்றைத் தானியங்கு நரம்பு மண்டலம் நெறிப்படுத்துகிறது. இரைப்பை, கணையம் ஆகியவற்றின் சுரப்பில் ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கோ உணவு வேளையில் ஆணையிடுபவை பெரும்பாலும் நரம்புகளே.

நரம்பின் வேலை குழாயைத் திறப்பது போன்றது மட்டுமன்று. நரம்புத் தூண்டல் சில நொடிகளில் உமிழ்நீரைச் சுரக்க வைக்கிறது. சில மணி நேரத்தில் செலவான புரதத்தை மீண்டும் உருவாக்க வைக்கிறது. சில வாரங்களில் சுரப்பியின் பருமனையே தீர்மானிக்கிறது. மெல்லுதல் நின்றாலோ நரம்பு அறுபட்டாலோ சுரப்பி சுருங்குவது இதனால்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு மதிய உணவு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. எஃகு உருக்காலைகளும் உருட்டாலைகளும் பிற தொழிற்கூடங்களும் அங்கு இயங்குகின்றன. உள்ளூர்த் தொழிலாளர்களுடன் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கின்றனர். அங்குள்ள ஓர் உணவுக்கூடத்தில் ஒரே மேசையில் ஒருவர் சாம்பார் சோறும் எலுமிச்சை ஊறுகாயும், மற்றொருவர் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் உண்பதாகக் கொள்வோம். இருவர் வாயிலும் நடக்கும் அடிப்படைச் செயல் ஒன்றே; அளவுதான் வேறு.

தட்டைப் பார்த்து மணத்தை நுகர்ந்தவுடன் வாயில் நீர் ஊறுவதாக இருவரும் உணர்வர். உண்மையில் மனிதரிடம் பார்வையாலும் மணத்தாலும் ஏற்படும் சுரப்பு சிறிதளவே. ஊறுகாயின் புளிப்பு நாவில் பட்டதும் சுரப்பு பல மடங்கு உயர்கிறது. அடிப்படைச் சுவைகளுள் உமிழ்நீரை மிக வலுவாகத் தூண்டுவது புளிப்பே. சப்பாத்தி உண்பவரிடம் மற்றொரு தூண்டல் மேலோங்கும். உலர்ந்த உணவைப் பலமுறை மெல்ல வேண்டும். ஒவ்வொரு மெல்லுதலின்போதும் பல்லைத் தாடையெலும்புடன் பிணைக்கும் திசுவில் உள்ள அழுத்த உணர்விகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். குழையச் சமைத்த சோற்றுக்கு அவ்வளவு மெல்லுதல் தேவைப்படாது. கஞ்சிக்கு அதுவும் தேவையில்லை.

சுரப்பிகளும் அவற்றின் புரதங்களும்

மனிதருக்கு மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. காதுக்கு முன்னால் கன்னத்தில் இருப்பது மேலண்ணச் சுரப்பி. கீழ்த்தாடைக்கு உட்புறம் இருப்பது கீழ்த்தாடைச் சுரப்பி. நாவின் அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் பரவியுள்ளன. நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டராக இருக்கும் சுரப்பு, உண்ணும்போது பல மடங்காகிறது. உறக்கத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

உமிழ்நீரில் சுமார் 99 விழுக்காடு நீரே. எஞ்சிய சிறு பகுதியில் உப்புகளும் புரதங்களும் அடங்கும். அளவில் குறைவாயினும் உமிழ்நீரின் சிறப்புப் பண்புகள் பலவும் இந்தப் புரதங்களால் வருபவை. அவற்றுள் முக்கியமானவை:

அமிலேஸ்: மாவுப்பொருளை மால்டோஸ் போன்ற சிறிய சர்க்கரைகளாகச் சிதைக்கும் நொதி. வெறும் சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்கு இதுவே காரணம். பள்ளி ஆய்வகத்தில் சோற்றுக் கஞ்சியுடன் உமிழ்நீர் சேர்த்துச் சிறிது நேரம் கழித்து அயோடின் இட்டால் நீல நிறம் தோன்றாமல் போவதும் இதனால்தான்.

மியூசின்: வழவழப்பைத் தரும் புரதம். உணவை உருண்டையாக்கி விழுங்க உதவுகிறது; வாயின் உட்பரப்பை உராய்விலிருந்து காக்கிறது.

புரோலின் மிகுந்த புரதங்கள்: பற்களின் எனாமலில் கால்சியம் நிலைக்க உதவுபவை சில. துவர்ப்புப் பொருளான டானினைப் பிடித்துக்கொள்பவை வேறு சில. தேநீர், பாக்கு, நாவற்பழம் ஆகியவற்றை உண்டபின் வாயில் ஏற்படும் இறுக்கமான உணர்வுக்கு, டானின் இவ்வகைப் புரதங்களுடன் இணைவது முக்கியக் காரணம்.

ஸ்டாதெரின், ஹிஸ்டாட்டின், லைசோசைம்: முதலாவது கால்சியம் உப்புகள் உமிழ்நீரில் படிந்துவிடாமல் காக்கிறது. இரண்டாவது பூஞ்சைகளையும் மூன்றாவது பாக்டீரியாக்களையும் எதிர்க்கின்றன.

இம்யூனோகுளோபுலின்-ஏ: இந்த எதிர்ப்பொருளைச் சுரப்பியின் செல்கள் தயாரிப்பதில்லை. அருகில் தங்கியுள்ள பிளாஸ்மா செல்கள் உருவாக்கித் தர, சுரப்பிச் செல்கள் அதைத் தம் வழியே கடத்தி உமிழ்நீரில் சேர்க்கின்றன. நரம்புத் தூண்டலின்போது இந்தக் கடத்தலும் விரைவடைவது எலிகளில் காட்டப்பட்டுள்ளது.

ஒருவர் எவ்வளவு அமிலேஸ் சுரக்கிறார் என்பதில் மரபுக்கும் பங்குண்டு. உமிழ்நீர் அமிலேஸுக்கான மரபணுவின் நகல்கள் ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் வேறுபடுகின்றன. மாவுப்பொருள் மிகுந்த உணவை நெடுங்காலமாக உண்டுவரும் மக்களிடம் சராசரியாகக் கூடுதல் நகல்கள் இருப்பதாக 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மரபணு சுரப்பியின் திறனை வரையறுக்கிறது. அத்திறன் எப்போது பயன்பட வேண்டும் என்பதை நரம்பு முடிவு செய்கிறது.

நரம்புப் பாதைகள்

சுவை, தொடுகை, மெல்லுதல் பற்றிய செய்திகள் கபால நரம்புகளின் வழியே மூளைத்தண்டை அடைகின்றன. அங்கு உமிழ்நீர் உட்கருக்கள் எனப்படும் நரம்புச் செல் தொகுதிகள் உள்ளன. அவற்றிலிருந்து எதிர்ப்பரிவு நரம்பிழைகள் இரு வழிகளில் புறப்படுகின்றன. 7-ஆம் கபால நரம்பான முக நரம்பில் தொடங்கும் இழைகள், நடுச்செவியைக் கடந்து செல்லும் கார்டா டிம்பானி என்னும் மெல்லிய கிளை வழியாகக் கீழ்த்தாடைச் சுரப்பியையும் நாவடிச் சுரப்பியையும் அடைகின்றன. 9-ஆம் கபால நரம்பான நா-தொண்டை நரம்பில் தொடங்கும் இழைகள் மேலண்ணச் சுரப்பியை அடைகின்றன.

பரிவு நரம்பிழைகள் தண்டுவடத்தின் மார்புப் பகுதியின் மேற்பாகத்தில் தொடங்குகின்றன. கழுத்தின் மேற்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சில் இணைப்பு மாறி, இரத்தக் குழாய்களை ஒட்டியவாறே சுரப்பிகளுக்குச் செல்கின்றன.

'எதிர்ப்பரிவு' என்னும் பெயரால் இவ்விரண்டும் எப்போதும் ஒன்றுக்கொன்று எதிராகச் செயல்படும் என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு. இதயத்தில் அது பெரும்பாலும் சரி. பரிவு நரம்பு துடிப்பை விரைவாக்கும். எதிர்ப்பரிவு நரம்பு மெதுவாக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியில் நிலைமை வேறு. இங்கு இரண்டுமே சுரப்பைத் தூண்டுகின்றன. ஒன்று நீரை மிகுதியாகவும் மற்றது புரதத்தை மிகுதியாகவும் வரவழைக்கின்றன. உண்ணும்போது இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன.

அப்படியானால் அச்சத்தில் நா உலர்வது ஏன்? அச்சத்தின்போது பரிவு நரம்பு சுரப்பியைத் தடுப்பதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அந்நேரத்தில் மூளையின் மேற்பகுதிகளிலிருந்து வரும் தடை ஆணை, மூளைத்தண்டின் உமிழ்நீர் உட்கருக்களை அடக்குகிறது. எதிர்ப்பரிவுத் தூண்டல் குறைவதால் நீர் வரத்து குறைந்து வாய் உலர்கிறது. பழைய இந்தியத் தரும நூல்களில் குற்றம் சாட்டப்பட்டவரை அரிசியை மென்று உமிழச் செய்யும் 'தண்டுலம்' என்ற சோதனை கூறப்படுகிறது. அச்சத்தில் உலர்ந்த வாய் அரிசியை மெல்லத் திணறும் என்பதற்கு உடலியலில் விளக்கம் உண்டு. ஆனால், குற்றமற்றவரும் அஞ்சக்கூடும் என்பதால் அது நம்பத்தக்க சோதனை ஆகாது.

சில நொடிகளில்: நீரும் புரதமும்

சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் திராட்சைக் கொத்துப் போன்ற அமைப்பு தெரியும். ஒவ்வொரு 'திராட்சை'யும் சுரப்புச் செல்களால் ஆன சிறுபை. அதன் நடுவிலிருந்து தொடங்கும் நுண்ணிய நாளம், பிற நாளங்களுடன் சேர்ந்து வாயில் திறக்கிறது. செல்லின் அடிப்பகுதியில் உள்ள சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலில் ரைபோசோம்கள் புரதத்தைக் கோக்கின்றன. கோல்கை உறுப்பு அதைப் பக்குவப்படுத்திப் பொதிகிறது. நாளத்தை நோக்கிய மேற்பகுதியில் சுரப்புத் துகள்களாக அது சேமிக்கப்படுகிறது. அதாவது உணவு வருவதற்கு முன்பே சரக்கு தயாராக இருக்கிறது.

எதிர்ப்பரிவு நரம்பு முனைகள் அசிட்டைல்கோலினை வெளியிடுகின்றன. அது செல்லின் மேற்பரப்பிலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகளுடன், குறிப்பாக எம்3 வகை ஏற்பிகளுடன் இணைகிறது. செல்லுக்குள் கால்சியம் அயனிகள் உயர்கின்றன. அதனால் குளோரைடு வாயில்கள் திறந்து குளோரைடு நாளத்தின் பக்கம் வெளியேற, சோடியமும் அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகின்றன. இதன் விளைவு அளவில் மிகுந்த, நீர்த்த உமிழ்நீர்.

பரிவு நரம்பு முனைகள் வெளியிடுவது நார்அட்ரினலின். அது பீட்டா-1 ஏற்பிகளுடன் இணையும்போது செல்லுக்குள் சுழற்சி ஏ.எம்.பி. என்னும் தூது மூலக்கூறு பெருகுகிறது. அது ஒரு புரத கைனேஸ் நொதியை ஊக்குவிக்க, சேமித்த துகள்கள் செல் சவ்வுடன் ஒன்றி உள்ளிருக்கும் புரதத்தை நாளத்துக்குள் கொட்டுகின்றன. இதன் விளைவு அளவில் குறைந்த, புரதம் மிகுந்த உமிழ்நீர். இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் பீட்டா தடுப்பான் மருந்துகளை உட்கொள்வோரிடம், உமிழ்நீரின் அளவு பெரிதும் மாறாமலேயே அதன் புரதச் செறிவு குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்தப் பங்கீடு கறாரானதன்று. எதிர்ப்பரிவு நரம்பு முனைகளிலிருந்து அசிட்டைல்கோலினுடன் சில பெப்டைடுகளும் வெளிப்படுகின்றன. இரத்தக்குழாயை விரிக்கும் ஆற்றலால் பெயர்பெற்ற வி.ஐ.பி. என்ற பெப்டைடு அவற்றுள் ஒன்று. அதுவும் சுழற்சி ஏ.எம்.பி.-யை உயர்த்திப் புரதத்தை வெளியேற்ற வைக்கிறது. சுவீடனின் யோர்கன் எக்ஸ்ட்ரோமும் அவருடன் பணியாற்றியோரும் எலிகளில் அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் இரண்டின் விளைவையும் மருந்துகளால் தடுத்தபின்னும் மேலண்ணச் சுரப்பி புரதத்தை வெளியேற்றுவதைக் காட்டினர். எனவே, எதிர்ப்பரிவு நரம்பு நீருக்கு மட்டும் பொறுப்பானதன்று.

கண்டறிந்த வரலாறு

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உமிழ்நீர் என்பது இரத்தத்திலிருந்து வடிகட்டப்படும் நீர் என்றே கருதப்பட்டது. சூரிச்சில் பணியாற்றிய கார்ல் லூத்விக், 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாயின் கீழ்த்தாடைச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, நாளத்தில் உமிழ்நீரின் அழுத்தத்தை அளந்தார். அது தமனியின் இரத்த அழுத்தத்தையும் மிஞ்சியது. வடிகட்டிய நீர் தன் மூலத்தைவிட அதிக அழுத்தத்தைப் பெற முடியாது. ஆகவே, நரம்பின் ஆணைப்படி செல்களே உமிழ்நீரை உருவாக்குகின்றன என்பது தெளிவாயிற்று.

1858-ல் பிரான்சின் கிளாட் பெர்னார்ட், கார்டா டிம்பானியைத் தூண்டும்போது சுரப்பியின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த ஓட்டம் பெருகுவதைக் காட்டினார். உமிழ்நீருக்கு வேண்டிய நீரும் புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலங்களும் இந்த இரத்தத்தின் வழியாகவே வருகின்றன.

பிரெஸ்லாவ் நகரில், இன்றைய போலந்தின் விரோத்ஸ்வாஃபில், பணியாற்றிய ருடால்ஃப் ஹைடன்ஹைன் 1878-ல் அடுத்த கேள்வியை எழுப்பினார். எதிர்ப்பரிவு நரம்பைத் தூண்டினால் நீர்த்த உமிழ்நீரும், பரிவு நரம்பைத் தூண்டினால் கெட்டியான உமிழ்நீரும் வருவது ஏன்? நீரைச் சுரக்க வைக்கும் இழைகள் ஒரு வகை, செல்லுக்குள் கரிமப் பொருளை உருவாக்கவும் கரைக்கவும் வைக்கும் 'ஊட்ட இழைகள்' மற்றொரு வகை என்பது அவர் விடை. கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி இந்தப் பகுப்பை ஏற்கவில்லை. ஆயினும் சுரக்கும்போது செல்களிலிருந்து துகள்கள் குறைவதை உயிருள்ள சுரப்பியிலேயே அவர் கண்டார். தானியங்கு நரம்பு மண்டலத்துக்கும் எதிர்ப்பரிவுப் பிரிவுக்கும் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர்களை இட்டவரும் அவரே. செரிமான உடலியல் ஆய்வுகளுக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ், நாய்களுக்கு உலர்ந்த ரொட்டித்தூள் தரும்போது ஈரமான உணவைவிட அதிக உமிழ்நீர் சுரப்பதைக் கண்டார். சப்பாத்திக்கும் குழைந்த சோற்றுக்கும் உள்ள வேறுபாடும் அவ்வகையதே.

தனித்தனி இழைகள் என்ற ஹைடன்ஹைனின் கருத்து நிலைக்கவில்லை. ஆனால், நரம்பு சுரப்பியை வளர்க்கவும் செய்கிறது என்ற அவர் உள்ளுணர்வு பின்னர் வேறு வடிவில் உறுதிப்பட்டது.

சில மணி நேரத்தில்: மீண்டும் தயாரித்தல்

நன்றாக மென்று உண்ட ஒரு வேளை உணவுக்குப் பின் எலியின் மேலண்ணச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களில் துகள்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். அடுத்த சில மணி நேரத்தில் அவை மீண்டும் நிரம்பும். வெளியேற்றுவது நொடிகளில் முடியும் வேலை. அமினோ அமிலங்களைக் கோத்து, பொதிந்து, துகளாக்குவது நீண்ட வேலை.

இந்த மறுதயாரிப்பை அளக்க ஓர் எளிய உத்தி உண்டு. கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த லியூசின் என்ற அமினோ அமிலத்தை விலங்கின் உடலில் செலுத்த வேண்டும். சுரப்பி புதிதாகப் புரதம் தயாரிக்கும்போது இந்த லியூசினும் அதில் சேரும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் சுரப்பியின் புரதத்தில் உள்ள கதிரியக்கத்தை அளந்தால் தயாரிப்பு வேகம் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் எக்ஸ்ட்ரோமின் குழுவினர் மயக்க நிலையில் இருந்த எலிகளில் இம்முறையைக் கையாண்டனர். பரிவு நரம்பைத் தூண்டும்போதும், அதன் செயலை ஒத்த ஐசோபிரினலின் என்ற மருந்தைத் தரும்போதும் சுரப்பிகளில் புரதத் தயாரிப்பு உயர்ந்தது. நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்தபோது அந்த உயர்வு குறைந்தது. ஆகவே, நரம்பின் ஆணைக்கும் ரைபோசோமின் வேலைக்கும் இடையே உள்ள தூதுவர்களுள் நைட்ரிக் ஆக்சைடும் ஒன்று என்று தெரிகிறது.

இங்கு கவனிக்க வேண்டியது, இருப்பு தீர்ந்துவிட்டது என்பதால் மட்டும் தயாரிப்பு தொடங்குவதில்லை என்பதே. துகளை வெளியேற்றச் சொன்ன அதே நரம்புதான் தயாரிப்பையும் முடுக்கிவிடுகிறது.

வாரங்களில்: சுரப்பியின் பருமன்

1961-ல் ஹான்ஸ் செலியேயும் உடன் ஆய்வு செய்தோரும் எலிகளுக்கு ஐசோபிரினலினைத் தொடர்ந்து தந்தபோது உமிழ்நீர்ச் சுரப்பிகள் மிகப் பெரிதாக வளர்வதைக் கண்டனர். பரிவு நரம்பின் செய்தி மிகையானால் சுரப்பி பருக்கிறது. மறுபுறம், எதிர்ப்பரிவு நரம்பை அறுத்தால் சுரப்பி எடை குறைந்து மெலிகிறது.

உணவின் தன்மையும் இதே விளைவைத் தரும். எலிகளுக்குத் திட உணவை நிறுத்தித் திரவ உணவை மட்டும் தந்தால் அவற்றின் மேலண்ணச் சுரப்பி சில நாட்களிலேயே சுருங்கத் தொடங்குகிறது. மீண்டும் திட உணவு தந்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1960-களில் ஹால், ஷ்னேயர் ஆகியோர் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. திரவ உணவிலும் ஊட்டச்சத்து இருந்தது; இல்லாமல் போனது மெல்லுதல்தான். மெல்லுதல் இல்லையென்றால் நரம்புக்குத் தூண்டல் இல்லை. நரம்பு செயல்படாவிட்டால் சுரப்பி தன்னைச் சுருக்கிக்கொள்கிறது.

எந்தப் புரதத்தைத் தயாரிப்பது என்பதையும் உணவு மாற்றக்கூடும். 1983-ல் வெளியான ஓர் ஆய்வில், டானின் மிகுந்த சோள வகையை உண்ட எலிகளின் மேலண்ணச் சுரப்பி பெருத்து, புரோலின் மிகுந்த புரதங்கள் சில நாட்களிலேயே பல மடங்கு உயர்ந்தன. ஐசோபிரினலின் தரும்போது ஏற்படும் மாற்றத்தை இது ஒத்திருந்தது. இதனால், டானின் குடலை அடையும் முன்பே வாயில் பிடிபடுகிறது. மனிதரிடமோ இப்புரதங்கள் எப்போதும் சுரந்துகொண்டே இருப்பதால், எலியில் கண்ட அளவு மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது.

நரம்பு ஆணை பிறழும்போது

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு வலுவானது என்பது அது பிறழும்போது தெரிகிறது. ஊமத்தையில் அட்ரோபின் போன்ற வேதிப்பொருள்கள் உள்ளன. அவை அசிட்டைல்கோலினின் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால், ஊமத்தை நஞ்சு ஏறியவரின் வாய் முற்றிலும் உலர்கிறது. வயல்களில் பயன்படும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் இதற்கு நேர்மாறானவை. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அவை முடக்குவதால் அது பெருகி, வாயிலிருந்து எச்சில் வழிந்தோடுகிறது. மூச்சுக்குழாயிலும் சுரப்பு பெருகுவதால் மூச்சு அடைபடுகிறது. இந்நஞ்சுக்கு மருத்துவமனைகளில் தரப்படும் முதன்மை மருந்து அட்ரோபின். ஊமத்தையில் நஞ்சாக இருக்கும் அதே பொருள் இங்கு அளவறிந்து தரும்போது உயிர் காக்கிறது.

மேலண்ணச் சுரப்பியில் அறுவை செய்துகொண்ட சிலருக்கு, சில மாதங்களுக்குப் பின் உண்ணும்போதெல்லாம் கன்னம் சிவந்து வியர்க்கும். அறுபட்ட எதிர்ப்பரிவு இழைகள் மீண்டும் வளரும்போது சுரப்பிக்குப் பதிலாகத் தோலின் வியர்வைச் சுரப்பிகளுடன் இணைந்துவிடுவதே காரணம். வியர்வைச் சுரப்பிகளும் அசிட்டைல்கோலினுக்கே பணிபவை என்பதால், மெல்லும்போது உமிழ்நீருக்குப் பதில் வியர்வை வருகிறது. 1923-ல் இதை விரிவாக விளக்கிய போலந்து நரம்பியல் மருத்துவர் லூசியா ஃப்ரேயின் பெயரால் இது ஃப்ரே நோய்க்குறி எனப்படுகிறது. நடுச்செவி அறுவையில் கார்டா டிம்பானி பாதிக்கப்பட்டால், நாவின் ஒரு பக்கச் சுவை மாறுவதோடு அப்பக்கக் கீழ்த்தாடைச் சுரப்பின் அளவும் குறையக்கூடும்.

வாய் உலர்தல் மிகப் பரவலாக ஏற்படுவது மருந்துகளால். சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் பழைய வகை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள், சிறுநீர்ப்பைக்கான சில மருந்துகள் ஆகியவை மஸ்கரினிக் ஏற்பிகளை ஓரளவு தடுக்கின்றன. தமிழ்நாட்டில் புகையிலை, பாக்கு ஆகியவற்றால் வாய்ப் புற்றுநோய் வருவோர் பலர். அவர்களுக்குத் தரப்படும் கதிர்வீச்சு, அதன் பாதையில் சுரப்பிகள் அகப்பட்டால், சுரப்புச் செல்களையே அழிக்கிறது. செல் அழிந்தபின் நரம்பு ஆணையிட்டும் பயனில்லை. இன்றைய கதிர்வீச்சு முறைகள் முடிந்தவரை மேலண்ணச் சுரப்பியைத் தவிர்க்கத் திட்டமிடப்படுகின்றன. எஞ்சிய செல்களைத் தூண்டுவதற்கு, மஸ்கரினிக் ஏற்பிகளை இயக்கும் பைலோகார்பைன் என்ற மருந்து சிலருக்குத் தரப்படுகிறது.

உமிழ்நீர் குறைந்தால் தொல்லை தாகத்துடன் நிற்பதில்லை. பற்சொத்தை விரைந்து பரவும். வாயில் பூஞ்சைத் தொற்று வரும். செயற்கைப் பல் பொருந்தாது. உலர்ந்த உணவு தொண்டையில் இறங்காது. உணவைக் குறைத்துக் கஞ்சிக்கு மாறினால் மெல்லுதலும் குறைகிறது. மெல்லுதல் குறைந்தால் எஞ்சிய சுரப்பும் தளர்கிறது.

வேலை நேரமும் உமிழ்நீரும்

கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் இந்த அறிவுக்கு நேரடிப் பயன் உண்டு. உலை அருகே வேலை செய்பவர் வியர்வையால் நீரை இழக்கும்போது உமிழ்நீரும் குறைகிறது. எனவே அடிக்கடி நீர் குடிப்பது வாய்க்கும் தேவை. கடும் உடலுழைப்பின்போதும் மன அழுத்தத்தின்போதும் பரிவு நரம்பு முனைப்படைவதால் உமிழ்நீரில் அமிலேஸ் செறிவு உயர்கிறது. மன அழுத்தத்தை அளக்கும் ஆய்வுகளில் இரத்தம் எடுக்காமல் உமிழ்நீர் அமிலேஸை அளப்பது இதனால்தான்.

இரவுப் பணி முடித்து இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு அப்படியே உறங்கச் செல்பவரின் பற்களில் சர்க்கரை தங்குகிறது. உறக்கத்தில் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுவதால் அதைக் கழுவ உமிழ்நீர் இல்லை; அதன் காப்புப் புரதங்களும் குறைவு. உறங்குவது பகலில் என்றாலும் அதற்கு முன் பல் துலக்குவதே முறை. பத்தே நிமிடத்தில் அள்ளி விழுங்கும் உணவைவிட, அதே உணவை நன்கு மென்று உண்பது சுரப்பிக்கு நீண்ட தூண்டலைத் தருகிறது.

வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கும் இது பொருந்தும். பல் இல்லை என்பதால் நாள்தோறும் கஞ்சி மட்டும் தரப்படுவோரிடம் சுரப்பிக்குச் செல்லும் தூண்டல் குறைகிறது. 1960-களில் திரவ உணவை மட்டும் உண்ட மனிதரிடம் செய்த ஆய்விலும் மேலண்ணச் சுரப்பியின் உமிழ்நீர் ஓட்டம் குறைந்தது. எனவே விழுங்குவதில் சிக்கல் இல்லாதவருக்குப் பொருத்தமான பல்செட்டு அமைத்து, மெல்லத்தக்க உணவையும் சேர்த்துத் தருவது நல்லது. விழுங்கும்போது புரையேறுபவருக்கு மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றக் கூடாது. மருந்தால் வாய் உலர்பவரும் மாத்திரையைத் தாமே நிறுத்தாமல், மாற்று உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.